சைக்கிளில் முன்னே போன பிள்ளை

இரண்டு நாளாக இங்கிலாந்தின் உள்நாட்டுக் கால்வாய்களில் ஓடிய படகுகளைப் பற்றியே படித்துக்கொண்டிருக்கிறேன். வேறு வேலை ஓடவில்லை.

இரண்டாம் உலகப் போர் முடிந்த பிறகும் லண்டனுக்கும் பர்மிங்காமுக்கும் நடுவே கிராண்ட் யூனியன் கால்வாயில் குடும்பம் குடும்பமாகச் சரக்குப் படகு ஓட்டினார்கள். 1948இல் கால்வாய்கள் அரசுடைமையான பிறகும்தான். படகு 70 அடி நீளம், அகலம் வெறும் 7 அடி. அதில் பெரும்பகுதி சரக்குக்கே போய்விடும். குடும்பத்துக்கு மிஞ்சியது பின்பக்கம் சுமார் பத்தடி அறை. அடுப்பு, மடக்குக் கட்டில், பிள்ளைகள் எல்லாம் அதற்குள்.

கால்வாய் மேடேறும் இடத்தில் லாக் இருக்கும். இரண்டு முனையிலும் கதவு வைத்த தண்ணீர்த் தொட்டி. உள்ளே தண்ணீர் ஏறினால் படகும் மேலேறும், வடிந்தால் கீழிறங்கும். இந்தக் கால்வாயில் ஹாட்டன் என்ற இடத்தில் இப்படி வரிசையாக 21. படகு வருவதற்குள் தொட்டித் தண்ணீர் படகின் மட்டத்துக்குத் தயாராக இருக்க வேண்டுமே? அதற்காக ஒரு பிள்ளை கரையோரப் பாதையில் சைக்கிளை மிதித்து முன்னே பறக்கும். கையில் 'ட' மாதிரி வளைந்த இரும்புக் கைப்பிடி. அதை மாட்டிச் சுற்றினால் மதகு எழும்பித் தண்ணீர் பாயும். பிடி நழுவினால் கைப்பிடி சுழன்று அடிக்கும். அப்புறம் நீண்ட மரக்கட்டையில் முதுகைக் கொடுத்துத் தள்ளிக் கதவைத் திறக்க வேண்டும். மூச்சு வாங்க நேரமில்லை, அடுத்த லாக்.

பள்ளிக்கூடம்? படகு நின்ற ஊரில் ஒரு நாள், இரண்டு நாள். எழுதப் படிக்கத் தெரியாமலே வளர்ந்தவர்கள் பலர். எனக்கு அதுதான் உறுத்துகிறது.

சரி, 21 லாக்கையும் திறந்து முடித்த பிள்ளைக்கு ஒரு மிட்டாய் கொடுக்கலாமென்றால், 1953 பிப்ரவரி வரை அதுவும் ரேஷன்தான்.