நிலம் கொடுத்துக் கட்டிய மாளிகை

டெக்சாஸ் மாநிலத் தலைநகரான ஆஸ்டினுக்குப் போகிறவர்கள் பெரும்பாலும் இசை அரங்குகளையும் கோடைக்கால மாலைகளில் வௌவால் கூட்டம் பறந்தெழும் பாலத்தையும்தான் தேடிச் செல்கிறார்கள். அந்தப் பாலத்திலிருந்து வடக்கே நீளும் காங்கிரஸ் அவென்யூவின் கோடியில், இளஞ்சிவப்புக் கிரானைட்டால் கட்டப்பட்ட சட்டமன்ற மாளிகையைப் பார்க்க வேண்டும் என்பதே என் விருப்பமாக இருந்தது.

உள்ளே செல்லக் கட்டணமும் இல்லை, யாருடைய பரிந்துரையும் தேவையில்லை. பையைச் சோதனைக் கருவியில் வைத்துவிட்டு நடந்தால், ஆளுநரின் அலுவலகம் இயங்கும் அதே கட்டடத்துக்குள் நின்றுகொண்டிருப்போம். நம் ஊர்த் தலைமைச் செயலகத்தில் அனுமதிச் சீட்டுக்குக் காத்திருந்து பழகிய எனக்கு இந்த எளிமை வியப்பளித்தது. கைத்துப்பாக்கி உரிமம் வைத்திருப்பவர்கள் உரிமத்தைக் காட்டி, ஆயுதத்துடனேயே தனி வரிசையில் உள்ளே போகலாம் என்று அறிந்தபோது அந்த வியப்பு வேறு வகையானதாக மாறியது.

இந்தக் கட்டடத்தின் கதையில் என்னை மிகவும் ஈர்த்தது, அதற்கான விலை கொடுக்கப்பட்ட விதம். அன்றைய டெக்சாஸிடம் பணம் குறைவு, நிலமோ ஏராளம். எனவே 1879இல் சட்டமன்றம், மாநிலத்தின் வடமேற்கு மூலையில் ஏறத்தாழ 30 லட்சம் ஏக்கர் பொதுநிலத்தைப் புதிய மாளிகைக்கென ஒதுக்கியது. பழைய கட்டடம் 1881இல் தீக்கிரையாகவே வேலை அவசரமானது. கட்டித்தரும் பொறுப்பை ஏற்ற சிகாகோ முதலீட்டாளர்கள் கூலியாகப் பெற்ற அந்த நிலம்தான், பின்னாளில் எக்ஸ்.ஐ.டி. என்ற மாபெரும் கால்நடைப் பண்ணையாயிற்று.

கல் கிடைத்த கதையும் பணம் புரளாத கதையே. முதலில் சுண்ணாம்புக் கல்லால் கட்டத்தான் திட்டமிட்டிருந்தார்கள்; ஆனால் அருகில் கிடைத்த கல்லில் இரும்புச் சத்து கலந்திருந்ததால், வெயிலும் மழையும் பட்டவுடன் கறை படிந்தது. பர்னெட் மாவட்டத்தில் ஒரு கிரானைட் குன்றின் உரிமையாளர்கள் கல்லை இலவசமாகத் தர முன்வந்தார்கள். அதை வெட்டியெடுக்கச் சிறைக்கைதிகளை மாநிலம் அனுப்பியது. கைதிகளின் உழைப்பை எதிர்த்துக் கல்தச்சர் சங்கம் வேலையைப் புறக்கணித்தபோது, ஒப்பந்தக்காரர்கள் ஸ்காட்லாந்திலிருந்து கல்தச்சர்களை வரவழைத்தார்கள். இத்தனைக்கும் பிறகு 1888இல் திறக்கப்பட்ட மாளிகை 302 அடிக்கு மேல் உயர்ந்து, வாஷிங்டனில் உள்ள நாடாளுமன்றக் கட்டடத்தையே உயரத்தில் விஞ்சியது. அந்தப் பெருமையை மறக்காமல் சொல்கிறவர்கள், கைதிகளைப் பற்றியும் அதே அளவு உரக்கச் சொன்னால் நன்றாயிருக்கும்.

நடு மண்டபத்தில் நின்று அண்ணாந்து பார்த்தால் குவிமாடத்தின் உச்சியில் சிறியதொரு நட்சத்திரம் தெரிகிறது. அது உண்மையில் எட்டடி அகலமானது. அதன் முனைகளுக்கிடையே டெக்சாஸ் என்ற பெயரின் எழுத்துகள் பதிக்கப்பட்டுள்ளன. தரையில், இந்த நிலத்தை ஆண்ட ஆறு நாடுகளின் சின்னங்கள் வரையப்பட்டுள்ளன: ஸ்பெயின், பிரான்ஸ், மெக்சிகோ, டெக்சாஸ் குடியரசு, அடிமைமுறையைக் காக்கப் பிரிந்துபோன தென்மாநிலக் கூட்டமைப்பு, அமெரிக்க ஐக்கிய நாடுகள். ஐந்தாவது சின்னமும் மற்றவற்றுக்குச் சமமாக அங்கே வீற்றிருப்பதை என்னால் எளிதில் கடந்துபோக முடியவில்லை. சுற்றுச்சுவரில் முன்னாள் ஆளுநர்களின் படங்கள் வரிசையாக மாட்டப்பட்டிருக்கின்றன. புதிய படம் ஒன்று சேரும்போது பழைய படங்கள் எல்லாமே ஓரிடம் நகர்ந்து வழிவிட வேண்டும்.

இங்கே சட்டமன்றத்தின் வழக்கமான கூட்டத்தொடர் இரண்டு ஆண்டுகளுக்கு ஒரு முறை, ஒற்றைப்படை ஆண்டுகளில், அதிகபட்சம் 140 நாட்கள்தான் நடக்கிறது. நான் போனது கூட்டமில்லாத காலம் என்பதால், 150 உறுப்பினர்கள் அமரும் கீழவையை மாடத்திலிருந்து ஆர அமரப் பார்க்க முடிந்தது. 31 பேர் கொண்ட மேலவையில் 1888ஆம் ஆண்டின் மர மேசைகளே இன்றும் பயன்பாட்டில் உள்ளன. மாநிலத்தின் பெயரைச் சரவிளக்குகளிலும் பித்தளைக் கதவுக் கீல்களிலும்கூடப் பொறித்து வைத்திருக்கிறார்கள்; ஒரு கட்டத்துக்கு மேல் அது சற்று மிகையாகவே பட்டது.

வடபுறத்தில் 1993இல் கட்டிமுடித்த விரிவாக்கம் முழுவதும் நிலத்தடியில் அமைந்துள்ளது. அலுவலகங்களுக்கு இடம் போதாமல் போனபோது, பழைய மாளிகையின் தோற்றத்தை மறைக்காமல் பூமியைத் தோண்டி இறங்கியிருக்கிறார்கள். வானம் பார்த்த வட்ட முற்றம் ஒன்றின் வழியே வெளிச்சமும் வந்துவிடுகிறது.

நேரம் இருப்பவர்கள் வளாகத்தின் தென்கிழக்கு மூலையில் உள்ள பழைய நில நிர்வாக அலுவலகத்தையும் பார்த்துவிட வேண்டும். 1857இல் கட்டப்பட்ட அது இப்போது பார்வையாளர் மையம். மாளிகைக்குள் நுழையும் முன்பே அங்கே போய்வருவது நல்லது என்பது என் எண்ணம். நிலத்தைக் கொடுத்து மாளிகையை வாங்கிய கணக்கு விளங்கிய பிறகு அந்தக் குவிமாடத்தின் கீழ் நிற்பது வேறு அனுபவமாக இருக்கும்.