சேற்றுக் காலோடு வந்த அம்மா

நீடாமங்கலம் பக்கத்தில் ஓர் அரசு நடுநிலைப் பள்ளியில் 11 ஆண்டுகள் வேலை பார்த்தேன். சேர்ந்த புதிதில், பெற்றோர் கூட்டத்துக்கு ஆளே வருவதில்லை என்பது எனக்குப் பெரிய மனக்குறை. "இந்த ஊர்க்காரங்களுக்குப் பிள்ளைங்க படிப்புல அக்கறையே இல்ல" என்று ஸ்டாஃப் ரூமில் நானும் சேர்ந்து பேசியிருக்கிறேன். கூட்டம் வைத்ததோ காலை 11 மணிக்கு, நடவு நேரத்தில். விடிந்ததும் வயலில் இறங்குகிற பெண்கள் கரையேற மதியமாகிவிடும். நடுவில் ஏறினால் அன்றைய கூலி போச்சு. வகுப்பு ஜன்னல் வழியே பார்த்தாலே அவர்கள் வரிசையாகக் குனிந்து நிற்பது தெரியும். பார்த்துக்கொண்டேதான் குறை சொன்னோம்.

அப்போது ஏழாம் வகுப்பில் ஒரு பையன். முதல் பாடவேளையிலேயே தூங்கி விழுவான். அதட்டினேன், நிற்க வைத்தேன், நோட்டில் சிவப்பு மையில் எழுதி அம்மாவிடம் கையெழுத்து வாங்கி வரச் சொன்னேன். கையெழுத்து வந்தது, தூக்கம் போகவில்லை. கடைசியில் அம்மாவையே கூட்டி வரச் சொன்னேன்.

வயலிலிருந்து நேராக வந்திருந்தார். முழங்கால் வரை சேறு காய்ந்து வெளுத்திருந்தது. "உள்ள வாங்கம்மா" என்றதற்கு, "தரையெல்லாம் சேறாயிடும் டீச்சர், இங்கயே நிக்கிறேன்" என்று வாசலிலேயே நின்றுவிட்டார். நான் புகார்களைச் சொல்லி முடிக்கும்வரை தலை நிமிரவில்லை. அப்புறம்தான் மெல்லச் சொன்னார்: "ராத்திரி தாத்தாகூட மோட்டார் கொட்டாய்க்குப் போயிடுறான் டீச்சர். அவருக்கு இருட்டுல கண்ணு தெரியாது."

ஜூன் 12-இல் திறக்க வேண்டிய மேட்டூர் அணை அந்த ஆண்டு திறக்கவில்லை. ஆற்றில் தண்ணீர் இல்லையென்றால் குறுவைக்கு போர்செட்தான் கதி. அதற்கு மும்முனை மின்சாரம் வேண்டும்; அது முறை வைத்துத்தான் வரும், அவர்கள் பக்கம் பல நாள் நள்ளிரவில். அப்பா திருப்பூரில் வேலையில் இருந்தார். 12 வயதுப் பையன் டார்ச் லைட்டோடு வரப்பில் நடந்து, மடை மாற்றிவிட்டு வந்து படுக்கும்போது விடியக் கொஞ்ச நேரம்தான் இருக்கும். நான் எழுதி அனுப்பியதில் ஒரு வரியைக்கூட அந்த அம்மா படித்ததில்லை. அவருக்குப் பெயர் எழுத மட்டும்தான் தெரியும்.

அன்றைக்கே நான் மன்னிப்புக் கேட்டிருக்க வேண்டும். கேட்கவில்லை. அது இன்றுவரை உறுத்துகிறது. காலையில் அவனைத் தூங்க விட்டு, மதியம் சாப்பிட்ட பிறகு உட்கார வைத்துக் கணக்குச் சொல்லிக்கொடுத்தேன்.

2009-ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டப்படி பள்ளி மேலாண்மைக் குழுவில் முக்கால் பங்குப் பேர் பெற்றோராக இருக்க வேண்டும். பாதிப் பேர் பெண்கள். எங்களிடமும் குழு இருந்தது. ஆனால் தீர்மான நோட்டை வீடு வீடாகக் கொடுத்தனுப்பிக் கையெழுத்து வாங்கிய காலம் அது. 2022-இல் தமிழகம் முழுக்கக் குழுக்களை மறுபடி அமைத்தார்கள்: 20 பேர், அதில் 15 பேர் பெற்றோர். இந்தத் தடவை கூட்டத்தை மூன்றரை மணிக்கு வைப்போம் என்று பிடிவாதமாக நின்றேன். அதற்கு முன்பே இன்னொன்றும் தொடங்கியிருந்தேன். ஒவ்வொரு வீட்டுக்கும் முதல் போன் நல்ல சேதிக்காக மட்டும். பள்ளிக்கூடத்திலிருந்து என்றதுமே "ஐயோ, என்ன ஆச்சு டீச்சர்?" என்று பதறுவார்கள். "ஒண்ணுமில்லம்மா, உங்க பொண்ணு இன்னைக்குத் திக்காம ஒரு பக்கம் வாசிச்சா" என்பேன். கொஞ்ச நேரம் சத்தமே வராது. அப்புறம் யாரையோ கூப்பிட்டு அதையே உரக்கச் சொல்வது கேட்கும்.

புதுக் குழுவின் முதல் கூட்டத்துக்கு அந்த அம்மாவும் உறுப்பினராக வந்திருந்தார். இளையவள் அப்போது நாலாம் வகுப்பு. கால் கழுவி, சேலை மாற்றி, கடைசி பெஞ்சில் உட்கார்ந்திருந்தார். கூட்டம் முடிந்து எல்லாரும் எழுந்த பிறகு, மகளின் கணக்கு நோட்டைக் கேட்டு வாங்கி முதல் பக்கத்திலிருந்து புரட்டினார். ஓரிடத்தில் விரலை வைத்து நிறுத்தினார்.

"இந்தச் செவப்புக் கோடு எதுக்குப் போட்டிருக்கு டீச்சர்?"

பக்கத்தில் உட்கார்ந்து சொன்னேன். அடுத்த கோட்டுக்கு விரலை நகர்த்தினார்.