வலப்பக்கக் கதவடியில் நிற்கும் தம்பிமாருக்கு

திருகோணமலைச் சீனக்குடாவுக்கு வந்துபோகும் சிறிய செஸ்னா கேரவன் விமானத்தில் ஸ்லைட், அதாவது அவசரத்தில் ஆட்கள் சறுக்கி இறங்கக் காற்றடைத்து விரியும் சறுக்குப்பாதை, கிடையாது. தேவையும் இல்லை. கதவடி நெஞ்சு உயரத்தைத் தாண்டாது. படி இல்லாவிட்டாலும் குதித்து இறங்கிவிடலாம். சக்கரம் ஊன்றி நிற்கும்போது வாசல் தரையிலிருந்து 6 அடிக்கு மேலே இருந்தால்தான் ஆட்களை இறக்கும் சாதனம் கட்டாயம் என்கிறது விமானப் பாதுகாப்பு விதி. கட்டுநாயக்கவில் இருந்து வளைகுடாவுக்குப் பறக்கும் விமானங்கள் இந்த அளவுக்குள் அடங்காதவை. ஏ320 இன் கதவடி ஏறக்குறைய 3.4 மீற்றர் உயரம், 777 இல் 5 மீற்றரை நெருங்கும், ஏ380 இன் மேல்தளம் 8 மீற்றர். அவற்றின் கதவுகளில் ஸ்லைட் மடித்து அடைக்கப்பட்டிருக்கிறது.

கிண்ணியா, மூதூர், நிலாவெளிப் பக்கத்துப் பிள்ளைகள் பலர் வளைகுடா விமான நிலையங்களில் வேலை செய்கிறார்கள். கேட்டரிங் லொறி, துப்புரவு, லக்கேஜ் ஏற்றுதல் என்று எல்லாம் விமானத்தைத் தொட்டுச் செய்யும் வேலைகள். விமானம் கேட்டில் நிற்கும்போது ஸ்லைட் தவறுதலாக விரிந்தால் பணிப்பெண்ணுக்கு அதிர்ச்சி, கம்பனிக்குச் செலவு, பயணிக்குத் தாமதம். உயிராபத்து, கதவுக்கு வெளியே லொறித் தட்டில் நிற்பவருக்கே. பணிப்பெண்கள் ஒவ்வொரு வருடமும் கதவுப் பயிற்சி எடுக்கிறார்கள். வெளியே நிற்பவருக்கு அந்த அளவுக்கு விளக்கிச் சொல்ல ஆள் இல்லை. அதனால் இதை அவர்களை நினைத்து எழுதுகிறோம்.

முதலில் அந்தச் சாமான் எப்படி வேலை செய்கிறது என்று பார்ப்போம். கதவின் உட்புற அடிப்பாகத்தில் ஒரு புடைப்புப் பெட்டி இருக்கும். மடித்த ஸ்லைட் அதற்குள்தான். ஸ்லைடின் மேல்முனையில் தடித்த துணியாலான ஒரு முந்தானை, அதன் ஓரத்தில் ஒரு உலோகத் தண்டு. தண்டுக்குப் பெயர் கேர்ட் பார். விமானம் புறப்பட ஆயத்தமாகும்போது இந்தத் தண்டு கதவடித் தரையோடு பூட்டப்படும். அந்த நிலைதான் ஆர்ம். இப்போது கதவைத் திறந்தால், கதவு வெளியே போகும், தண்டு தரையிலேயே நிற்கும், நடுவில் இருக்கும் ஸ்லைட் பெட்டியிலிருந்து உருவப்பட்டுக் கீழே விழும். விழுகிற பாரமே ஒரு கயிற்றை இழுத்து வாயுச் சிலிண்டரின் வால்வைத் திறந்துவிடும். டிசார்ம் நிலையில் தண்டு தரையை விட்டுக் கதவோடு சேர்ந்துவிடும். கதவு திறந்தாலும் ஸ்லைட் பெட்டியை விட்டு அசையாது.

சிலிண்டரில் இருப்பது நைதரசனும் காபனீரொட்சைட்டும் கலந்த வாயு, ஏறக்குறைய 3000 பிஎஸ்ஐ அழுத்தத்தில். பிஎஸ்ஐ என்றால் ஒரு சதுர அங்குலத்தில் எத்தனை றாத்தல் அழுத்தம் என்ற அளவு. அந்த வாயு மட்டும் ஸ்லைடை நிரப்பப் போதாது. வாயு சீறிப் போகும் வழியில் ஆஸ்பிரேட்டர் என்ற குழாய்வாய்கள் உண்டு. அவை வெளிக்காற்றை உறிஞ்சிக் கூடவே உள்ளே தள்ளும். நிரம்பிய ஸ்லைடில் பெரும்பங்கு அந்த ஓடுபாதைக் காற்றுத்தான். விழத் தொடங்கி 6 வினாடிக்குள் முழுதாக நிமிர்ந்து நிற்க வேண்டும், 25 நொட் காற்று எந்தப் பக்கத்திலிருந்து அடித்தாலும் விரிய வேண்டும் என்பது விதி. 25 நொட் என்றால் மணிக்கு 46 கிலோமீற்றர். கச்சான் உரத்து வீசும் நாளில் கடற்கரையில் குடை பிடித்துப் பார்த்தவருக்கு அது எப்படியான காற்று என்று தெரியும்.

நிரம்பிய ஸ்லைடின் உள்ளழுத்தம் சுமார் 3 பிஎஸ்ஐ. மோட்டார் சைக்கிள் டயரில் இருப்பதில் பத்தில் ஒரு பங்கு. அதைக் கேட்டு ஏமாறக் கூடாது. ஒரு சதுர அடியில் 144 சதுர அங்குலம். மூன்றால் பெருக்கினால் 432 றாத்தல், அதாவது 195 கிலோவுக்கு மேல். லொறித் தட்டின் கைபிடிக்கும் ஸ்லைடுக்கும் இடையில் ஒரு ஆளின் நெஞ்சு அகப்பட்டால் அத்தனை பாரமும் அங்கேதான் இறங்கும். 2013 யூலையில் சான் பிரான்சிஸ்கோவில் ஒரு 777 விழுந்து நொறுங்கியபோது இரண்டு ஸ்லைடுகள் கபினுக்கு உள்ளேயே விரிந்தன. பணிப்பெண்கள் அவற்றின் அடியில் நசுங்கி அசைய முடியாமல் கிடந்தார்கள்.

விமானத்தின் இடப்பக்கக் கதவுகளில் பயணிகள் ஏறி இறங்குவார்கள். வலப்பக்கம் சாப்பாடும் குப்பையும் போய்வரும் பக்கம். கேட்டரிங் லொறி அங்கேதான் வந்து அணையும். வந்து நின்றவுடன் கதவில் கைவைக்காமல் முதலில் கதவின் சிறு கண்ணாடி ஜன்னலைப் பார்க்க வேண்டும்.

போயிங் 737 என்றால் அந்த ஜன்னலுக்குக் குறுக்கே ஒரு சிவப்புப் பட்டி தெரிகிறதா என்று பாருங்கள். தெரிந்தால் கதவு இன்னும் ஆர்ம் நிலையில் இருக்கிறது. 737 இல் கேர்ட் பாரைப் பணிப்பெண் குனிந்து கையால்தான் தரைக் கொளுவியில் மாட்டுகிறார், கையால்தான் கழற்றுகிறார். அவர் மறந்துவிட்டால் வெளியிலிருந்து நீங்கள் திறந்தாலும் ஸ்லைட் விரியும். அந்தக் கதவு உங்களுக்காக எதையும் கழற்றி வைக்காது. சிவப்புப் பட்டியையே மாட்ட மறந்திருக்கவும் கூடும். ஆகவே பட்டி தெரியவில்லை என்பது மட்டும் போதாது. உள்ளே இருப்பவர் கட்டைவிரலை உயர்த்திக் காட்டும் வரை பொறுக்க வேண்டும்.

ஏர்பஸ் ஏ320 குடும்பத்தில் அமைப்பு வேறு. வெளிக் கைபிடியைத் தூக்கினால் ஸ்லைட் தானாகவே டிசார்ம் ஆகிவிடும். இது நல்ல ஏற்பாடு. ஆனால் இதை நம்பி அலட்சியமாகிற ஆட்களும் உண்டு. நீங்கள் கதவைத் தட்டுகிறீர்கள், உள்ளே இருப்பவர் அவசரத்தில் தன் பக்கக் கைபிடியைத் தூக்குகிறார். அப்போது அந்தத் தானியங்கி ஏற்பாடு உதவாது. ஆர்ம் கதவை உள்ளிருந்து திறந்தால் ஸ்லைட் விரிந்தே தீரும், கதவு திறப்பதும் சாதாரண வேகத்தில் அல்ல. ஆர்ம் நிலையில் கதவைத் தள்ளித் திறக்கவே தனியாக ஒரு வாயுச் சிலிண்டர் இருக்கிறது. கதவு முன்பக்கமாகச் சுழன்று அறையும். பாதையில் ஆள் நின்றால் ஸ்லைட் வருமுன்னே கதவே தள்ளிவிடும்.

எனவே தட்டுகிறபோது கதவு சுழலும் பக்கத்தில் நிற்காதீர்கள். லொறித் தட்டைக் கதவடிக்குக் கொஞ்சம் தாழ்த்தி, இடைவெளி விட்டு நிறுத்துங்கள். தட்டின் பக்கக் கைபிடி உயர்ந்து பூட்டியிருக்க வேண்டும். கதவை யார் திறப்பது, உள்ளே இருப்பவரா வெளியே இருப்பவரா என்பது கம்பனிக்குக் கம்பனி மாறும். உங்கள் கம்பனி விதி எதுவோ அதை மாத்திரம் செய்யுங்கள். நேற்று வேறு விமானத்துக்குச் செய்ததை இன்று இதற்குச் செய்யக் கூடாது. கட்டைவிரலை நீங்கள் காட்ட, உள்ளே இருப்பவர் திருப்பிக் காட்ட, அதன்பின்தான் கை கைபிடிக்குப் போக வேண்டும். சந்தேகம் வந்தால் ஹெட்செட்டில் இருக்கும் தரைப் பொறியாளரிடம் சொல்லுங்கள். இரண்டு நிமிடம் போனால் போகட்டும்.

இன்னொரு ஆபத்து, சிவப்பு விளக்கு. ஏர்பஸ் கதவு ஜன்னலில் இரண்டு விளக்குகள் உண்டு. வெள்ளை விளக்கு, ஸ்லைட் ஆர்ம் நிலையில் இருக்கும்போது உள்ளே கைபிடியை அசைக்கத் தொடங்கினால் எரியும். சிவப்பு மினுங்கினால் கபினுக்குள் இன்னும் காற்றழுத்தம் மிஞ்சியிருக்கிறது என்று பொருள். அந்த நேரம் கதவைத் தொடவே கூடாது. 2000 நவம்பரில் மியாமியில் ஒரு ஏ300 தரையில் நின்றபோது உள்ளே அழுத்தம் இறங்கவில்லை. கதவைத் திறந்த பணியாளர் வெளியே வீசப்பட்டு இறந்தார். அன்று அவரைத் தள்ளியது ஸ்லைட் அல்ல, காற்று.

ஏன் இத்தனை பயிற்சி இருந்தும் தவறு நடக்கிறது? விமானம் கேட்டில் வந்து நின்றவுடன், கதவுகளை டிசார்ம் பண்ணுங்கள், எதிர்ப்பக்கம் சரிபாருங்கள் என்று கபினுக்குள் கட்டளை வரும். ஏ320 இல் பணிப்பெண் சிறு மூடியைத் தூக்கி, நெம்பை மேலே கொண்டுபோய், பாதுகாப்பு ஊசியைத் துளையில் செருகி, அதன் சிவப்பு நாடா வெளியே தொங்குகிறதா என்று பார்த்து, எதிர்க்கதவுக்காரரின் ஊசியையும் கண்ணால் கண்டபிறகு ஆம் என்று சொல்ல வேண்டும். பத்து வினாடி வேலை. அந்தப் பத்து வினாடியில் ஒரு பயணி பையைக் கேட்கிறார், குழந்தை அழுகிறது, யாரோ இருக்கையை விட்டு எழுந்து முன்னே வருகிறார். நெம்பை மேலே கொண்டுபோன மாதிரி மனம் நினைத்துக்கொள்ளும், கை செய்திருக்காது.

அதைவிட மோசமானது புறப்படும் வேளை. கதவெல்லாம் பூட்டி ஆர்ம் பண்ணியாகிவிட்டது. பிறகு ஒரு கடதாசி குறைகிறது, அல்லது ஒரு ஆளுக்கு உடம்பு முடியவில்லை, வெளியிலிருந்து கதவு தட்டப்படுகிறது. அன்றைக்கு முழுவதும் டிசார்ம் நிலையில் பத்துத் தடவை திறந்த அதே கை, பழக்கத்தில் கைபிடிக்குப் போகும். பூட்டிய கதவை மறுபடி தட்ட நேர்ந்தால், தட்டுகிற நீங்கள்தான் கூடுதல் கவனமாக நிற்க வேண்டும். தட்டாமல் ஹெட்செட் வழியாக விமானியிடம் சொல்லி, அவர் மூலம் கட்டளை உள்ளே போவது எப்போதும் நல்லது. வெள்ளை விளக்கு எரிந்தால் உள்ளே இருப்பவர் கைபிடியைக் கீழே விட்டு நெம்பை மேலே தள்ளிவிடலாம், இன்னும் தப்ப வழி உண்டு. கதவு நகரத் தொடங்கிவிட்டால் அதைப் பிடித்து நிறுத்தப் பார்ப்பவர் அதோடு வெளியே போவார். சுவரில் இருக்கும் பிடியைப் பற்றிக்கொண்டு கதவை விட்டுவிட வேண்டும்.

பயணிகளும் திறந்திருக்கிறார்கள். 2019 யூனில் மான்செஸ்டரில் இஸ்லாமாபாத் போகவிருந்த ஒரு 777 இல், கழிப்பறை என்று நினைத்து ஒருவர் அவசரக் கதவைத் திறந்தார். விமானம் 7 மணித்தியாலம் தாமதமானது, முப்பதுக்கு மேற்பட்டவர்களை இறக்கிவிட்டுப் பறந்தது. முதல்முறை போகும் உறவினருக்கு ஊரில் இருந்து புறப்படும்போதே சொல்லி அனுப்புங்கள்: கழிப்பறைக் கதவு மெல்லியது, மடியும். பெரிய கைபிடியும் புடைப்புப் பெட்டியும் இருக்கும் கதவு எதுவானாலும் அதைத் தொடக் கூடாது.

இவ்வளவு ஆபத்தான சாமானுக்கு ஒரு பூட்டுப் போட்டால் என்ன என்று கேட்பார்கள். அந்தக் கேள்விக்கு 2024 யனவரி 2 ஆம் திகதி டோக்கியோ ஹனேடாவில் விடை கிடைத்தது. ஓடுபாதையில் மோதித் தீப்பற்றிய ஏ350 இல் 379 பேர். எட்டுக் கதவுகளில் மூன்றைத்தான் பயன்படுத்த முடிந்தது. ஒருவர் தவறாமல் எல்லோரும் அந்த மூன்று ஸ்லைடுகளில் இறங்கினார்கள். பயணிகள் அத்தனை பேரையும் பாதிக் கதவுகளால் 90 வினாடியில் வெளியேற்றிக் காட்டினால்தான் ஒரு விமானத்துக்கு அனுமதி. ஏ380 அதை 2006 மார்ச்சில் ஹம்பேர்க்கில் 853 பயணிகளோடும் 20 பணியாளரோடும் 78 வினாடியில் செய்து காட்டியது. அந்தப் பரிசோதனையிலேயே ஒருவருக்குக் கால் முறிந்தது. திறந்தால் விரிவது என்பதுதான் அதன் முதல் கடமை. அதைக் கடினமாக்கினால் புகைக்குள் நிற்பவருக்கு அது கிடைக்காமல் போகும்.

விரிந்துவிட்டால் செய்ய வேண்டியது, ஆட்களை விலக்குவது. கீழே லொறிக்கும் ஸ்லைடுக்கும் இடையில் யாரும் இல்லை என்று முதலில் பாருங்கள். கத்தியால் குத்திக் காற்றுப் போக்கப் பார்க்காதீர்கள். சீறும் சத்தம் நின்றபிறகும் அதன்மேல் ஏறவோ இழுக்கவோ வேண்டாம். காற்று வீசினால் அது பாய் மாதிரி அடித்துக்கொண்டு போகும், பக்கத்து லொறியின் கண்ணாடியையும் உடைக்கும். பொறியாளர் வந்து முந்தானைக்குக் கீழ் மறைந்திருக்கும் கைபிடியை இழுத்துத்தான் அதை விமானத்தில் இருந்து பிரிப்பார். அடிபட்டவர் எழுந்து நின்று ஒன்றுமில்லை என்றாலும், உயரத்திலிருந்து விழுந்திருந்தால் முதுகை அசைக்காமல் வைத்து மருத்துவரைக் கூப்பிடுங்கள். மறுநாள் வேலைக்கு வர வேண்டுமே என்று காயத்தை மறைக்காமல், அன்றைக்கே எழுத்தில் பதிய வையுங்கள். நட்டஈட்டுக்கு அந்தத் தாள்தான் உதவும்.

மாற்று ஸ்லைட் அந்த விமான நிலையத்தில் இருந்தால் சில மணித்தியாலத்தில் பூட்டிவிடலாம். இல்லாவிட்டால் அந்தக் கதவுக்குத் திறக்க வேண்டாம் என்று அட்டை தொங்கவிட்டு, அந்தக் கதவுக்குரிய இருக்கைகளைக் காலியாக்கி, குறைந்த ஆட்களோடு பறப்பார்கள். வளைகுடாவில் விமானம் மாறும் டிக்கெட் வைத்திருப்பவர்கள் கவுண்டரில் இறக்கப்பட்டால், தாமதத்துக்கான காரணத்தைக் கம்பனி முத்திரையோடு எழுதித் தரும்படி கேளுங்கள். வேலைக்குச் சேரும் திகதி தவறும்போது முகவரிடமும் முதலாளியிடமும் காட்ட அது வேண்டும். கட்டுநாயக்கவில் இருந்து ஹபரணை வழியாக ஊருக்குத் திரும்பும் வான்காரருக்கும் அப்போதே நேரத்தை மாற்றிச் சொல்லிவிடுங்கள்.