இரண்டு வயது வரை வாருங்கள்

எடை குறைவாகப் பிறந்த பிள்ளையின் அம்மாவுக்கு முதல் சில நாள் ஒரே கேள்விதான்: பிள்ளை தங்குமா? மூச்சு சீராகி, குழாய் வழியாகக் கொடுக்கும் பால் செரிக்கத் தொடங்கியதும் கேள்வி மாறிவிடும். "சிஸ்டர், மூளை வளர்ச்சியெல்லாம் நல்லா இருக்குமா?" ராமநாதபுரம் கடற்கரை ஊர்களிலிருந்து வரும் பச்சிளங்குழந்தைகளைப் பார்த்துக்கொள்ளும் செவிலியர் நான். இந்தக் கேள்விக்கு அன்றைக்கே ஆம், இல்லை என்று சொல்ல யாராலும் முடியாது. பதில் தெரிய இரண்டு வருடம் ஆகும். அந்த இரண்டு வருடமும் பிள்ளையை விடாமல் கூட்டிவர வேண்டும்.

இரண்டரை கிலோவுக்குக் கீழே பிறந்தால் எடைக் குறைவு. ஒன்றரைக்குக் கீழே என்றால் மிகக் குறைவு. எடையை மட்டும் வைத்து எதுவும் சொல்லிவிட முடியாது. இரண்டு கிலோ பிள்ளை 34 வாரத்திலும் பிறக்கும், 39 வாரத்திலும் பிறக்கும். முன்னது மாதம் நிறையாமல் வந்தது. அந்த வாரத்துக்கு அந்த எடை சரிதான். பின்னது மாதம் நிறைந்தும் வயிற்றுக்குள் போதிய ஊட்டம் கிடைக்காமல் மெலிந்தது. அப்படி மெலிந்த பிள்ளைக்கு உடம்பு ஒட்டிப்போய்த் தலை மட்டும் பெரிதாகத் தெரியும். கிடைக்கிற ரத்தத்தை உடம்பு மூளைக்கு முதலில் அனுப்பிவிடுவதால் வருவது அது. தலை நன்றாக இருக்கிறதே என்று இந்தப் பிள்ளைகளைக் கண்காணிக்காமல் விடுவது தப்பு. மூளைக்கு அது முழுக் காப்பு இல்லை.

மதுரையில் ஒரு பெரிய மருத்துவமனையில் வேலை பார்த்த காலத்தில்தான், பிறந்த பிள்ளையின் மூளை வேலை செய்வதைத் திரையில் முதன்முதலாகப் பார்த்தேன். மனித மூளையின் மின்னலைகளை 1924ல் ஜெர்மனியில் ஹான்ஸ் பெர்கர் பதிவு செய்தார். அதையே சுருக்கி, தொட்டில் பக்கத்திலேயே வைத்து மணிக்கணக்கில் பார்க்கும்படி செய்த கருவி எங்களிடம் இருந்தது. 28 வாரப் பிள்ளையின் தலை என் உள்ளங்கைக்குள் அடங்கிவிடும். பூனை முடி போன்ற அந்த முடியை விலக்கி, தோல் உரியாமல் மெல்லத் துடைத்து, இரண்டு பக்கமும் பசை தடவிய சின்ன மின்முனைகளை ஒட்டுவோம். தோல் அவ்வளவு மெல்லியது, நகம் பட்டாலே சிவந்துவிடும். ஒட்டி முடித்ததும் திரையில் ஒரு பட்டை மணிக்கு 6 சென்டிமீட்டர் வேகத்தில் நகர்ந்துகொண்டே போகும்.

அந்த வயதில் மூளையின் மின்னோட்டம் தொடர்ச்சியாக இருக்காது. சடசடவென்று ஒரு வெடிப்பு, பிறகு சில நொடி மௌனம், திரும்ப ஒரு வெடிப்பு. எங்கள் ஊர்ப் பக்கம் கோடை மழை பெய்கிற மாதிரி. புதிதாக வரும் செவிலியர்கள் அந்த மௌனத்தைப் பார்த்துப் பயந்துபோவார்கள். 28 வாரத்துக்கு அதுதான் இயல்பு. வாரம் ஏற ஏற இடைவெளி சுருங்கும், பட்டையின் கீழ்விளிம்பு மேலே ஏறும். 30 வாரத்தை ஒட்டி, பட்டை அகன்றும் குறுகியும் மாறி மாறி வரத் தொடங்கும். பிள்ளை அயர்ந்து தூங்குவதும் லேசாக விழிப்பதும் ஒழுங்குக்கு வருகிறது என்று அர்த்தம். இரவுப் பணியில் அந்த மாற்றம் முதன்முதலாகத் தெரியும்போது பக்கத்துத் தொட்டில் சிஸ்டரைக் கூப்பிட்டுக் காட்டுவேன்.

வெளியிலிருந்து யாரும் தொடாமல், ஒலி ஒளி எதுவும் படாமல், மூளை தானாகவே கிளப்பும் வெடிப்புகள் இவை. நரம்புகள் ஒன்றோடொன்று இணைப்புப் போட்டுக்கொள்ள இவை உதவுகின்றன என்கிறார்கள். நெதர்லாந்தின் உட்ரெக்ட், பின்லாந்தின் ஹெல்சிங்கி ஆய்வாளர்கள் சேர்ந்து 2015ல் ஓர் ஆய்வு வெளியிட்டார்கள். குறைமாதப் பிள்ளைகளுக்குப் பிறந்த முதல் மூன்று நாளில் இந்தத் தானியங்கிச் செயல்பாடு எவ்வளவுக்கு அதிகமோ, அடுத்த வாரங்களில் மூளை வளர்ச்சியும் அவ்வளவுக்கு நன்றாக இருந்தது என்று ஸ்கேனில் அளந்து காட்டினார்கள். வலிப்பு வந்தாலோ, பட்டை நாள்கணக்கில் அடங்கியே கிடந்தாலோ நாங்கள் கவலைப்படுவோம். தூக்க ஒழுங்கு சீக்கிரம் வந்தால் நம்பிக்கை கூடும். அவ்வளவுதான். அந்தப் பட்டையைக் காட்டி இந்தப் பிள்ளை பள்ளிக்கூடத்தில் எப்படிப் படிக்கும் என்று எந்த டாக்டரும் சொன்னதில்லை, சொல்லவும் கூடாது.

சொந்த ஊர்ப் பக்கம் மாற்றலாகி வந்த பிறகு அந்தத் திரை என் கண் முன்னே இல்லை. ஆனால் அது கற்றுக்கொடுத்தது கையோடு வந்துவிட்டது. தூங்கும் பிள்ளைக்கு உள்ளே என்ன நடக்கிறது என்று ஒருமுறை பார்த்தவர் தேவையில்லாமல் அதைத் தொட்டு எழுப்ப மாட்டார். துணி மாற்றுவது, வெப்பம் பார்ப்பது, பால் கொடுப்பது எல்லாவற்றையும் ஒரே நேரத்தில் சேர்த்துச் செய்துவிட்டு விலகிவிடுவோம். இன்குபேட்டர் மேல் துணி போர்த்துவோம். அதன் மேல் பாட்டில், பேனா எதையும் 'டக்'கென்று வைக்கக் கூடாது என்பதில் நான் கொஞ்சம் கறாராகவே இருக்கிறேன்.

மருந்தில்லாத மருந்து என்றால் அது அம்மாவின் நெஞ்சுதான். இன்குபேட்டர் பற்றாக்குறையால் 1978ல் கொலம்பியாவின் பொகோட்டாவில் எட்கர் ரே என்ற மருத்துவர் தொடங்கிய கங்காரு முறை இது; பிள்ளையை அம்மாவின் நெஞ்சில் தோலோடு தோல் ஒட்ட வைத்துக் கட்டுவது. இந்தியா உட்பட ஐந்து நாடுகளில் 1 முதல் 1.8 கிலோ வரை எடையுள்ள பிள்ளைகளிடம் நடந்த ஆய்வு 2021ல் வெளிவந்தது. பிறந்த உடனேயே அம்மாவின் மேலே போட்டதில் முதல் மாத இறப்பு கால் பங்கு குறைந்தது.

பாம்பன் பக்கமிருந்து ஒரு பெண் வந்திருந்தார். கடலில் பாசி எடுப்பவர். பாறையில் பாசியைப் பிடுங்கும்போது வெட்டாமலிருக்க விரலில் துணியைச் சுற்றிக்கொண்டுதான் முங்குவார்கள். அப்படியும் அவர் விரல்நுனியெல்லாம் வெட்டுக் காய்ந்த கோடுகள். பிள்ளை 1,300 கிராம். "என் கை சொரசொரன்னு இருக்கு சிஸ்டர், புள்ளைக்கு உரசிடும்" என்று தொடவே மறுத்தார். கையால் பிடிக்கவே வேண்டாம், துணி தாங்கிக்கொள்ளும் என்று சொல்லி, சாய்வு நாற்காலியில் உட்காரவைத்து, பிள்ளையைத் தவளை மாதிரிக் கால் மடக்கி நெஞ்சோடு வைத்துக் கட்டினோம். மூச்சு படபடவென்று இருந்த பிள்ளை கொஞ்ச நேரத்தில் அடங்கித் தூங்கியது. மூக்கு லேசாக விரிந்து சுருங்க, இமைக்குள்ளே கண் மட்டும் ஓடிக்கொண்டிருந்தது. அவர் குனிந்து பார்த்துக்கொண்டே இருந்தார். மாமியார் வாசலில் நின்று, "ஏழுல பொறந்தா தங்கும், எட்டுல பொறந்தா தங்காதும்பாக, இது எட்டாச்சே" என்று கலங்கினார். இந்தப் பேச்சு இங்கே எல்லா ஊரிலும் உண்டு. "அப்படி இல்ல அப்பத்தா, ஒரு வாரம் கூட இருந்தா அந்த ஒரு வாரமும் லாபந்தான்" என்றேன். 34 வாரத்தில் மூளையின் எடை, நிறைமாதப் பிள்ளையின் மூளையில் மூன்றில் இரண்டு பங்குதான். கடைசி வாரங்களில்தான் மூளை மடிப்பு மடிப்பாக வளர்ந்து நிறைகிறது.

சரி, எடை கூடி வீட்டுக்குப் போயாயிற்று. அதற்குப் பிறகுதான் எனக்கு உண்மையான கவலை. முதலில் வயதுக் கணக்கு. 30 வாரத்தில் பிறந்த பிள்ளை பத்து வாரம் முந்தி வந்திருக்கிறது. காலண்டரில் ஆறு மாதம் ஆனாலும் வளர்ச்சிக் கணக்கில் நாலு மாதம்கூட நிறையாது. பக்கத்து வீட்டுப் பிள்ளை குப்புற விழுந்துவிட்டதே என்று இந்த அம்மா அழ வேண்டியதில்லை. தடுப்பூசிக்கு மட்டும் பிறந்த தேதிதான் கணக்கு. இந்த இரண்டையும் குழப்பிக்கொண்டு தடுப்பூசியைத் தள்ளிப்போடுபவர்கள் இருக்கிறார்கள்.

அடுத்தது கண். இரண்டு கிலோவுக்குக் கீழே அல்லது 34 வாரத்துக்கு முன் பிறந்த பிள்ளைக்கு நாலு வாரத்துக்குள் விழித்திரைப் பரிசோதனை செய்தாக வேண்டும். வெளியே பார்த்தால் கண் அழகாக இருக்கும். உள்ளே ரத்தக்குழாய் கோணலாக வளர்ந்து பார்வையே போய்விடலாம். இதற்கு அடுத்த மாதம் பார்க்கலாம் என்பதே கிடையாது. செவித்திறன் சோதனையும் அப்படித்தான், தள்ளிப்போடக் கூடாது.

அப்புறம், அசைவு. கருவி இல்லாத இடத்தில் மூளையைப் பார்க்க நான் நம்பும் வழி இதுதான். நெதர்லாந்தில் பணியாற்றிய ஹைன்ஸ் பிரெக்டல் என்ற மருத்துவர் சிறு பிள்ளைகளின் தன்னிச்சையான அசைவுகளை ஆண்டுக்கணக்கில் கவனித்தார். பிரசவத்துக்கு டாக்டர் முதலில் குறித்துக்கொடுத்த தேதியிலிருந்து கணக்குப் போட்டு மூன்று மாதத்தை ஒட்டி, கழுத்து, இடுப்பு, கை, கால் எங்கும் ஓயாத சின்னச் சின்ன அசைவுகள் இருக்க வேண்டும். அவை அறவே இல்லாவிட்டால், மூளைப் பாதிப்பால் கைகால் அசைவு கட்டுக்குள் வராமல் போகும் பெருமூளை வாதம் வர வாய்ப்பு மிக அதிகம். பிள்ளை விழித்து, அழாமல் மல்லாந்து கிடக்கும்போது செல்போனில் சில நிமிடம் எடுத்து வரச் சொல்கிறோம். பக்கத்தில் கிலுகிலுப்பை ஆட்டக் கூடாது, கொஞ்சக் கூடாது. கீழக்கரையிலிருந்து வந்த ஓர் அம்மா வளைகுடாவில் இருக்கும் கணவருக்கு எடுத்து அனுப்பிய வீடியோவையே காட்டினார். பயிற்சி பெற்ற கண்ணுக்கு அது போதுமானதாக இருந்தது. சந்தேகம் வந்தால், வளர்ச்சி பிந்தும் பிள்ளைகளுக்குப் பயிற்சி கொடுக்கும் மாவட்ட ஆரம்பநிலை இடையீட்டுச் சேவை மையத்துக்கு அனுப்பிவிடுவோம். மூளை வளைந்துகொடுக்கும் காலம் இதுதான் என்பதால், நோய் இன்னதென்று உறுதியாகும்வரை காத்திருக்காமல் பயிற்சியைத் தொடங்குவதே நல்லது.

வராமல் போகிறவர்கள் அக்கறை இல்லாதவர்கள் என்று நான் ஒருநாளும் நினைக்க மாட்டேன். ராமேஸ்வரத்திலிருந்து ராமநாதபுரம் ஐம்பது கிலோமீட்டருக்கு மேல். வந்துபோனால் ஒருநாள் கூலி போயிற்று. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை விசைப்படகுகளுக்குத் தடைக்காலம் என்பதால் அப்பாக்கள் வீட்டில் இருப்பார்கள், பிள்ளையைத் தோளில் போட்டு அவர்களே தூக்கி வருவார்கள். ஆனால் அப்போதுதான் கையில் காசும் இருக்காது.

அதனால் சோதனை ஊரைத் தேடிப் போக வேண்டும் என்பது என் எண்ணம். திருவனந்தபுரம் குழந்தை வளர்ச்சி மையம் உருவாக்கிய பரிசோதனை அட்டவணையில் இரண்டு வயது வரைக்கும் 17 விஷயங்கள்தான். அதற்கு வேண்டிய பொருள் ஒரு பேனாவும் ஒரு சாவிக்கொத்தும். அட்டவணையில் பிள்ளையின் வயதுக்கு நேராகப் பேனாவை நிறுத்தினால், இடப்பக்கம் உள்ளதெல்லாம் பிள்ளை செய்கிறதா என்று பார்த்துவிடலாம். புதன்கிழமைதோறும் தடுப்பூசிக்கு அம்மாக்கள் எப்படியும் வருகிறார்கள். ஊசி போடுவதற்கு முன், பிள்ளை சிரித்த முகமாக இருக்கும்போதே, கிராம சுகாதார செவிலியர் அந்தச் சாவிக்கொத்தை ஒருமுறை ஆட்டிப் பார்த்தால் போதும். திரும்பாத பிள்ளைகளை மட்டும் எங்களிடம் அனுப்பட்டும். பஸ் கட்டணத்துக்கு வழி செய்வது பற்றி அதற்குப் பிறகு பேசலாம்.