கர்ப்பத்தில் ஏறும் கொழுப்பு எங்கே போகிறது?

கர்ப்பத்தின் 20-ஆவது வாரத்தில் கருவின் எடை சுமார் 300 கிராம்தான். தாயின் எடையோ அதற்குள் சில கிலோ கூடியிருக்கும். "இப்பவே இவ்வளவு வெயிட் போட்டுட்டியே" என்று யாராவது சொல்லியும் இருப்பார்கள். கூடியதில் ரத்தம், நீர் போக ஒரு நல்ல பங்கு கொழுப்பு. ஹார்மோன்களே அதை இடுப்பிலும் தொடையிலும் சேர்த்து வைக்கின்றன. முழுக் கர்ப்பத்துக்கும் சராசரியாக 3–4 கிலோ.

கடைசி மூன்று மாதங்களில் கதை தலைகீழ். நஞ்சுக்கொடி சுரக்கும் லாக்டோஜென் போன்ற ஹார்மோன்கள் இன்சுலினின் வேகத்தை மட்டுப்படுத்துகின்றன. தாயின் தசை சர்க்கரையை முன்போல இழுக்காது; கொழுப்பைக் கரைத்து எரிக்கும். மிச்சமாகும் சர்க்கரை குழந்தைக்கு. இந்தச் சமயத்தில் ட்ரைகிளிசரைடு என்ற ரத்தக் கொழுப்பு இரண்டு மூன்று மடங்கு காட்டுவது சகஜம், ரிப்போர்ட்டைப் பார்த்துப் பதற வேண்டாம். ஆனால் கணையம் ஈடுகொடுத்துக் கூடுதல் இன்சுலின் சுரக்காவிட்டால் கர்ப்பகாலச் சர்க்கரை நோய் வரும்; 24–28 வாரத்தில் சுகர் டெஸ்ட் எடுப்பது இதற்காகத்தான். உடல் இப்படிக் கொழுப்பை எரிப்பதால், கடைசி மாதங்களில் வயிற்றைக் காயப்போட்டால் கீட்டோன் (கொழுப்பு எரியும்போது உண்டாகும் அமிலப் பொருள்) சீக்கிரமே ஏறிவிடும். டயட் இருக்க இது நேரமே அல்ல.

நஞ்சுக்கொடி வெளியேறியதும் அது சுரந்துவந்த புரோஜெஸ்டிரோன் என்ற கர்ப்ப ஹார்மோன் சரிகிறது. அதுவரை அடங்கியிருந்த, பால் சுரக்க வைக்கும் புரோலாக்டின் ஹார்மோனின் கை ஓங்கி, இரண்டு மூன்று நாளில் பால் பெருகும். நஞ்சுக்கொடித் துண்டு உள்ளே தங்கிவிட்டால் இது தள்ளிப்போகலாம். பால் வராமல் ரத்தப்போக்கும் நீடித்தால் டாக்டர் முதலில் பார்க்க வேண்டியது அதைத்தான்.

புரோலாக்டின் இன்னொரு வேலையும் செய்கிறது: ரத்தத்திலுள்ள கொழுப்பைத் தொடைக்குப் போகவிடாமல் மார்புக்குத் திருப்புகிறது. பால் மட்டுமே குடிக்கும் குழந்தைக்கு நாளுக்கு 750 மில்லி அளவில் சுரக்க ஏறக்குறைய 500 கலோரி கூடுதலாகச் சாப்பிட வேண்டும், மீதி சேமிப்பிலிருந்து வரும். அதற்காக, பால் கொடுத்தால் எடை தானாக இறங்கிவிடும் என்பது பாதி உண்மைதான். பசியும் கூடவே ஏறும், தூக்கம் கெடும்.

குழந்தை பிறக்கும்போது உடலில் 10–15 சதவீதம் கொழுப்பு. தோள்பட்டைகளுக்கு நடுவிலும் சிறுநீரகங்களைச் சுற்றியும் உள்ள பழுப்புக் கொழுப்பு, உடல் நடுங்காமலே சூடு தரும். குறைமாதக் குழந்தைக்கு அது போதாததால்தான் தோலோடு தோல் அணைப்பு. ஆறு மாதத்தில் கொழுப்பு கால்பங்கை எட்டும். கொழுகொழுவென்று இருக்கிறதே என்று பாலைக் குறைக்காதீர்கள். ஒரு வயதுக்குப் பின் அது மெல்ல இளைக்கும். பி.எம்.ஐ. (உயரத்துக்கேற்ற எடைக் குறியீடு) மறுபடி ஏறத் தொடங்குவது வழக்கமாக 5–7 வயதில். அதற்கு வெகு முன்பே ஏறினால் டாக்டரிடம் காட்டுங்கள்.