புதிய சைக்கிள் பாதையில் ஒரு சாண் தூரம்

இன்று காலை, புதிதாகத் திறந்த சைக்கிள் பாதையில் போனேன். வெள்ளைக் கோட்டில் பெயின்ட் வாசனைகூட இன்னும் போகவில்லை. எனக்கு முன்னால் ஒரு பாட்டி, பேரனின் கையைப் பிடித்தபடி நடந்துகொண்டிருந்தார். கிட்டே போய் மணியடித்தேன். சிறுவன் மிரண்டு, கையை உதறிக்கொண்டு என் பக்கமே ஓடி வந்தான். இரண்டு பிரேக்கையும் இறுக்கினேன். அவன் செருப்புக்கு ஒரு சாண் தள்ளி முன்சக்கரம் நின்றது. இன்னும் நெஞ்சு படபடக்கிறது.

அவர்கள்மேல் துளியும் கோபமில்லை. நடைபாதை முழுக்க வண்டிகளை நிறுத்தி வைத்தால் வேறெங்கே நடப்பார்கள்?

மணிக்கு 18 கிலோமீட்டர் வேகத்தில் சைக்கிள் ஒரு நொடியில் 5 மீட்டர் கடந்துவிடும். நடப்பவர் ஒன்றரை மீட்டர்கூடக் கடக்க மாட்டார். சைக்கிள் ஓட்டும் நண்பர்களே, தூரத்திலேயே மிதிப்பதை நிறுத்திவிட்டு மணியடியுங்கள். நடைபாதையில் வண்டி நிறுத்தியிருப்பவர்களே, தயவுசெய்து எடுத்துவிடுங்கள்.

"பார்த்துப் போ, தம்பி" என்றார் பாட்டி.