பதினாறு ஸ்க்ரூ, அதில் ஒன்று பொய்: பேஸ் கிதாரில் பழைய பாணி டியூனர் மாட்டிய அனுபவம்

முதலில் உண்மையைச் சொல்லிவிடுகிறேன். என் பேஸ் கிதாரில் இருந்த டியூனர்களுக்கு, அதாவது கம்பியை இழுத்துச் சுருதி சேர்க்கும் திருகிகளுக்கு, ஒரு கேடும் இல்லை. மூடிய வகை, கிரீஸ் உள்ளேயே அடைத்து வந்தவை, பத்து வருடமாக முணுமுணுக்காமல் சுற்றிக்கொண்டிருந்தவை. ஆனால் 1960களில் ஃபெண்டர் கம்பெனி செய்த ஜாஸ் பேஸ் என்ற கிதாரின் படங்களைப் பார்த்துப் பார்த்து எனக்குப் பைத்தியம் பிடித்துவிட்டது. ஹெட்ஸ்டாக்கின், அதாவது கிதாரின் தலைப்பகுதியின், பின்னால் வரிசையாக நாலு பெரிய தகடு, வெளியே தெரிகிற பல்சக்கரம், பக்கவாட்டில் விரலால் பிடித்துத் திருப்ப இலை மாதிரி விரிந்த பெரிய காதுகள். அதைப் பார்த்துவிட்டு என் கிதாரைத் திருப்பிப் பார்த்தால் நாலு கறுப்புக் குமிழ் ஒட்டிவைத்த மாதிரி இருந்தது.

வெறும் அழகுக்காக மாற்றுகிறோம் என்று ஒத்துக்கொள்ள மனம் வராதில்லையா, அதனால் ஏ கம்பி அடிக்கடி சுருதி இறங்குகிறது என்று ஒரு காரணத்தைப் பிடித்துக்கொண்டேன். அந்தக் காரணம் கடைசியில் என்ன ஆயிற்று என்பதைப் பிறகு சொல்கிறேன்.

இதில் இறங்கப் போகிற யாருக்கும் நான் சொல்வது: டியூனரைத் தேடுவதற்கு முன்னால் வெர்னியர் காலிபரை எடுங்கள். நான் தலைகீழாகச் செய்தேன். முதலில் ஒரு செட் வாங்கிவிட்டேன், நிக்கல் பூச்சு, நாலும் ஒரே பக்கம் வரிசையாக நிற்கும் வகை, காது வலது கை கிதாருக்கானது, எல்லாம் சரி. பெட்டியைப் பிரித்து, முன்பக்கத்துத் துளையில் உட்கார வேண்டிய உலோக வளையமான புஷிங்கை எடுத்து வைத்தால், அது துளைக்கு மேல் நாணயம் மாதிரி உட்கார்ந்திருக்கிறது. அப்போதுதான் அளந்தேன். என் ஹெட்ஸ்டாக் துளை 14 மி.மீ.க்குக் கொஞ்சம் மேல், அதாவது அங்குலக் கணக்கில் 9/16. பழைய பாணி புஷிங்குக்கு வேண்டியது 11/16 அங்குலம், கிட்டத்தட்ட 17.5 மி.மீ. மூன்று மில்லிமீட்டர்தானே என்று தோன்றும். மரத்தில், அதுவும் லாக்கர் பூசிய மேப்பிளில், நாலு இடத்தில், மையம் விலகாமல் அந்த மூன்று மில்லிமீட்டரை எடுப்பதுதான் மொத்த வேலையே. மற்றதெல்லாம் ஸ்க்ரூ முடுக்குவதுதான்.

திருப்பி அனுப்பியிருக்கலாம். 14 மி.மீ. துளையில் அப்படியே உட்காரும், வெளித்தோற்றம் மட்டும் பழைய மாதிரி இருக்கும் டியூனர்களும் வருகின்றன, எடை குறைந்தவையும் உண்டு. புத்தியுள்ளவர்கள் அதைத்தான் வாங்குவார்கள். துளையைப் பெரிதாக்கிவிட்டால் பழையபடி ஆக்குவது கஷ்டம், கிதாரை விற்கும்போது கேள்வி வரும். எனக்கு இதை விற்கும் எண்ணம் இல்லை, அதோடு பெட்டியைப் பிரித்தாயிற்று.

துளைக்கு முன்னால் இன்னொன்றையும் பார்க்க வேண்டும், அதில் மட்டும் எனக்கு அதிர்ஷ்டம். பழைய பாணியின் அடித்தகடு பெரியது. புதுக் கிதார்களில் டியூனர்கள் நெருக்கமாக இருந்தால் ஒரு தகடு அடுத்ததன் மேல் ஏறும், பிறகு என்ன செய்தாலும் பொருந்தாது. ஒரு துளையின் மையத்திலிருந்து அடுத்த துளையின் மையம் வரை அளந்து, தகட்டை அட்டையில் வரைந்து நாலு நகல் வெட்டி ஹெட்ஸ்டாக்கின் பின்னால் ஒட்டிப் பார்த்தேன். ஒவ்வொன்றுக்கும் நடுவில் மயிரிழை இடைவெளி. பழைய டியூனரின் சின்ன ஸ்க்ரூ துளைகளும் புதுத் தகட்டுக்கு அடியில் மறைந்துவிடும் என்பது தெரிந்ததும் நிம்மதி.

சரி, துளை. சாதாரண டிரில் பிட்டை ஏற்கெனவே இருக்கிற துளைக்குள் விட்டால் அது மரத்தைக் கவ்விக்கொண்டு இழுக்கும், விளிம்பு பிய்ந்துவிடும். துளையைச் சுரண்டிப் பெரிதாக்கும் கூம்பு வடிவ ரீமரைக் கையால் சுற்றலாம், சின்ன வித்தியாசத்துக்கு அதுதான் நல்லது, ஆனால் மூன்று மி.மீ.க்கு அது துளையையும் கூம்பாக்கிவிடும், புஷிங் மேலே இறுகி அடியில் ஆடும். நான் செய்தது இப்படி: 14 மி.மீ. உருளைக் கட்டையை நாலு துண்டாக வெட்டி, மேலே ஒரு சுற்று டேப் சுற்றி, துளைக்குள் இறுக்கமாகத் திணித்தேன், பசை போடவில்லை. இப்போது நடுவில் மரம் இருப்பதால் அகலமான வட்டத் துளை போடும் ஃபோர்ஸ்ட்னர் பிட்டின் முனை பிடித்துக்கொள்ள ஒரு மையம் கிடைத்துவிட்டது. ஸ்டாண்டில் நிற்கும் டிரில்தான் வேண்டும், கையில் பிடித்துச் செய்யும் வேலை இல்லை இது. ஹெட்ஸ்டாக்குக்கு அடியில் ஒரு பலகையை வைத்து கிளாம்ப் போட்டேன், முகத்தில் மாஸ்கிங் டேப்.

ஒரு தந்திரம், இதை ஒரு பழைய மேப்பிள் துண்டில் நாலைந்து முறை செய்து பார்த்த பிறகுதான் நம்பினேன். முதலில் டிரில்லைத் தலைகீழாகச் சுற்றவிட்டு மெதுவாக முகத்தைத் தொட வேண்டும். பிட்டின் விளிம்பு லாக்கரை வெட்டாமல் தேய்த்துத் தேய்த்து ஒரு வட்டக் கோடு போடும். அதன் பிறகு நேராகச் சுற்றி இறக்கினால் லாக்கர் செதில் செதிலாகப் பெயராது. முனை பின்பக்கம் எட்டிப் பார்த்ததும் நிறுத்திவிட்டு, கிதாரைத் திருப்பிப்போட்டு அந்தப் பொட்டையே மையமாக வைத்து மீதியை முடிக்க வேண்டும். முதல் துளைக்கு அரை மணி நேரம் ஆனது, அதில் இருபது நிமிடம் நான் டிரில்லையே முறைத்துக்கொண்டு நின்றது.

நாலும் முடிந்தது. டி கம்பித் துளையில் மட்டும் அரிசிமுனை அளவு லாக்கர் போனது, புஷிங்கின் விளிம்பு அதை மூடிவிட்டது.

புஷிங்கைச் சுத்தியலால் அடிக்காதீர்கள். அடிக்கலாம் என்று சொல்கிறவர்கள் இருக்கிறார்கள், அவர்கள் கிதாரில் அடித்துக்கொள்ளட்டும். நான் ஒரு நீளமான போல்ட்டை துளை வழியாக விட்டு, இரண்டு பக்கமும் அகலமான வாஷர், வாஷருக்கும் மரத்துக்கும் நடுவில் தோல் துண்டு, நட்டைக் கொஞ்சம் கொஞ்சமாக முடுக்கினேன். புஷிங் தானாக நேராக உள்ளே போகிறது. கட்டைவிரலால் அழுத்தினால் பாதி வரை போக வேண்டும், மீதிதான் போல்ட்டின் வேலை. அதற்கு மேல் இறுக்கமாக இருந்தால் துளையின் உட்பக்கத்தை உப்புத்தாளால் தேய்த்துவிட்டு மறுபடி பாருங்கள், வலுக்கட்டாயமாக இறக்கினால் மரத்தில் விரிசல் ஓடும்.

இதுவரை எல்லாம் ஒழுங்காக நடந்தது. இனிதான் என் திமிர்.

ஒரு டியூனருக்கு நாலு ஸ்க்ரூ, மொத்தம் பதினாறு. நாலு டியூனரையும் மாட்டி, தகடுகளின் ஓரத்தில் நீளமான இரும்பு ஸ்கேலை வைத்து ஒரே கோட்டில் நிறுத்தி, டேப் ஒட்டி, ஊசி மாதிரி ஒரு குத்தியால் பதினாறு புள்ளி வைத்தேன். ஹெட்ஸ்டாக்கின் தடிமன் 15 மி.மீ.தான், டிரில் முகத்தில் வந்து எட்டிப் பார்த்தால் கதை முடிந்தது, அதனால் பிட்டில் 9 மி.மீ. உயரத்தில் ஒரு டேப் கொடி கட்டினேன். எல்லாம் நன்றாக யோசித்தேன், பிட்டின் அளவைத் தவிர. கையில் இருந்தது 1.5 மி.மீ., வேண்டியது 2. முதல் டியூனரில் ஸ்க்ரூ கொஞ்சம் முரண்டு பிடித்தது, போய்விட்டது. இரண்டாவதும் அப்படியே. மூன்றாவது டியூனரில் இரண்டாவது ஸ்க்ரூ, பாதி போனதும் கையில் ஒரு இளக்கம் தெரிந்தது, இறங்குகிறது என்று நினைத்தேன். இறங்கவில்லை. டக் என்று தலை மட்டும் ஸ்க்ரூ டிரைவரோடு வந்துவிட்டது. உடல் மரத்துக்குள்.

அந்தச் சத்தம் கேட்டதும் வேலையை நிறுத்திவிட்டு வெளியே போய்விட்டேன்.

திரும்பி வந்து யோசித்தேன். உடைந்த ஸ்க்ரூவைச் சுற்றி உள்ளீடற்ற குழாய் மாதிரி ஒரு பிட்டால் வெட்டி எடுக்கலாம், அந்தக் குழியில் கட்டை அடைத்து மறுபடி துளை போடலாம். இரண்டு மி.மீ. தவறுக்கு எட்டு மி.மீ. குழி. வேண்டாம் என்று விட்டுவிட்டேன். ஒரு டியூனரைப் பிடித்துக்கொள்ள மூன்று ஸ்க்ரூ தாராளம், இழுவையின் பாரத்தை உண்மையில் தாங்குவது கம்பி சுற்றிக்கொள்ளும் தண்டும் புஷிங்கும்தான், ஸ்க்ரூக்கள் தகடு திரும்பாமல் பார்த்துக்கொள்கின்றன. உடைந்த தலையை எடுத்து, அடியைத் தேய்த்துச் சமமாக்கி, ஒரு சொட்டுப் பசையில் தகட்டின் ஓட்டைக்கு மேல் ஒட்டிவிட்டேன். மீதி ஸ்க்ரூக்களுக்கு 2 மி.மீ. பிட் வாங்கி வந்து, ஒவ்வொரு ஸ்க்ரூவையும் மெழுகுவத்தியில் ஒரு முறை திருகி எடுத்து முடுக்கினேன். வெண்ணெயில் போவது மாதிரி போனது. சோப்பு தடவலாம் என்பார்கள், சோப்பு ஈரத்தை இழுக்கும், நாளடைவில் ஸ்க்ரூ துரு ஏறும், மெழுகே போதும்.

கம்பி மாட்டும்போது இன்னொரு பாடம். பழைய கம்பிகளையே திரும்பப் போட்டுவிடலாம் என்று சிக்கனம் பார்த்தேன், எட்டவில்லை. பழைய டியூனரின் தண்டு 9.5 மி.மீ., புதியது அரை அங்குலம், 12.7. ஒரு சுற்றுக்கு முன்பு சுமார் 30 மி.மீ. கம்பி போனது, இப்போது 40. ஏற்கெனவே வளைத்து வெட்டிய கம்பிக்கு அந்த நீளம் எங்கிருந்து வரும்? புது செட் போட்டேன். தண்டைத் தாண்டி 12, 13 செ.மீ. விட்டு, வெட்டும் இடத்துக்கு முன்னாலேயே கம்பியைச் செங்குத்தாக மடக்கிவிட்டு, அதன் பிறகு வெட்ட வேண்டும். மடக்காமல் வெட்டினால் மேல் சுற்று உள்கம்பியிலிருந்து நழுவலாம், கம்பி உயிரில்லாமல் ஒலிக்கும். முனையைத் தண்டின் நடுத்துளைக்குள் இறக்கிவிடுவதால் வெளியே குத்தும் முனை இல்லை, பழைய பாணியில் எனக்குப் பிடித்த விஷயங்களில் இது ஒன்று.

தடித்த தண்டுக்கு இன்னொரு விளைவும் உண்டு, வாங்கும்போது நான் யோசிக்காதது. பழையது, புதியது இரண்டுக்கும் பல்சக்கர விகிதம் 20:1, அதாவது காதை இருபது முறை சுற்றினால் தண்டு ஒரு முறை. முன்பு காதின் ஒரு சுற்றுக்கு ஒன்றரை மி.மீ. கம்பி இழுபட்டது, இப்போது இரண்டு மி.மீ. அதே விகிதம், ஆனால் சுருதி சேர்ப்பது கொஞ்சம் கரடுமுரடாகிவிட்டது. பெரிய காது என்பதால் நுணுக்கமாகத் திருப்ப முடிகிறது, கணக்கு அங்கே சரியாகிறது என்று வைத்துக்கொள்ளலாம். திறந்த பல்சக்கரம் என்பதால் எப்போதும் கீழிருந்து மேலே சுருதிக்கு வருவது நல்லது, மேலே போய்விட்டால் நன்றாக இறக்கிவிட்டு மறுபடி ஏற்ற வேண்டும், இல்லாவிட்டால் பற்களுக்கு இடையில் உள்ள இடைவெளி பிறகு விளையாடும்.

அப்புறம் எடை. சமையலறைத் தராசில் பழைய நாலும் 470 கிராம், புதிய நாலும் 360. தோளில் மாட்டி கையை விட்டால் கழுத்து கீழே சாய்வது முழுதாகப் போகவில்லை, குறைந்திருக்கிறது. வேடிக்கை என்னவென்றால் ஜி கம்பியில் ஐந்தாவது பிரெட்டில் (கழுத்தில் குறுக்கே பதித்த உலோகக் கட்டை), சி ஸ்வரத்தில், ஒரு செத்த இடம் இருந்தது, சீக்கிரம் அடங்கிப்போகும். அது இப்போது ஆறாவதுக்குப் போய்விட்டது. கழுத்தின் இயல்பான அதிர்வு எந்த ஸ்வரத்தோடு ஒத்துப்போகிறதோ அங்கே கம்பியின் சக்தியைக் கழுத்து உறிஞ்சிக்கொள்ளும், தலை எடை குறைந்தால் அந்த அதிர்வு கொஞ்சம் மேலே ஏறும். நான் அதிகம் வாசிப்பது சி, ஆகவே எனக்கு லாபம். சி ஷார்ப்பில் பாட ஆசைப்படும் பாடகர் யாராவது வரும்வரை.

ஏ கம்பி? புது டியூனரிலும் இறங்கியது. கம்பியை ஏற்றும்போது நட் பக்கம், அதாவது கழுத்தின் மேல் முனையில் கம்பிகள் உட்காரும் பள்ளமிட்ட கட்டையின் பக்கம், "டிங்" என்று ஒரு சத்தம் வந்ததைக் கவனித்தேன். பள்ளம் இறுக்கம், கம்பி அதில் சிக்கிக்கொண்டு பிறகு நழுவுகிறது. பள்ளத்தை உப்புத்தாளால் லேசாகத் தேய்த்து, பென்சில் கரியைப் பூசினேன், நின்றுவிட்டது. பத்து நிமிட வேலை. டியூனரைக் கழற்றவே தேவையில்லை.

இதையெல்லாம் தாண்டி ஒரு விஷயம் இன்னும் பிடிபடவில்லை. 1960களின் முதல் பாதியில் ஃபெண்டர் பேஸ்களில் இருந்த க்ளூசன் கம்பெனி டியூனர்கள் எதிர்த்திசையில் சுற்றுபவை, நான் வாங்கியதும் அதே மாதிரி. கண்ணுக்கு மட்டுமில்லை, மரைக்கும் பழைய பாணி. சுருதி ஏற்ற நினைத்தால் கை தன் பழக்கத்தில் இறக்குகிறது. போன வாரம் ஒத்திகையில் சுருதி காட்டும் கருவியைப் பார்க்காமல் ஈ கம்பியைக் கொஞ்சம் ஏற்றுகிறேன் என்று நாலு சுற்று இறக்கி வைத்துவிட்டு முதல் அடியை அடித்தேன், டிரம்மர் குச்சியைக் கீழே வைத்துவிட்டு என்னைப் பார்த்தார். பிறகு பின்பக்கத்தைத் திருப்பிக் காட்டச் சொன்னார், காட்டினேன். "நல்லாருக்கு, அந்த ஸ்க்ரூ மட்டும் ஏன் கோணலா இருக்கு?" என்று கேட்டார்.